ஒரே ஹெடரில் விழுந்த ஸ்க்விட்: எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஓட்டையை அடைத்த பதிவு

அமைப்பு இது. டெபியன் 12-இல் ஓடும் இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், 10.20.0.11 மற்றும் 10.20.0.12. ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம், டெபியன் தரும் ஸ்க்விட் 5.7 (பயனர்களுக்காக இணையத்திலிருந்து பக்கங்களை வாங்கித் தரும் ப்ராக்ஸி சர்வர்). நிறுவிய பிறகு பாதுகாப்பு அப்டேட் எதுவும் போடப்படவில்லை. இரண்டுக்கும் முன்னால் 10.20.0.5-இல் ஹெச்ஏப்ராக்ஸி 2.6, வரும் இணைப்புகளை இரண்டுக்கும் பிரித்துத் தரும் லோட் பேலன்சராக. பயனர்கள் அனைவரும் 10.0.0.0/8 வலைக்குள்.

அறிகுறி: ஸ்க்விட் சட்டென்று நிற்கிறது. ஓரிரு நொடியில் தானாக எழுகிறது, உடனே மறுபடி விழுகிறது. ஐந்து முறை இப்படி விழுந்த பிறகு எழுவதே இல்லை.

காரணம், சிவிஇ-2023-50269 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டை. உள்ளே வரும் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடரில் (ரெக்வெஸ்ட் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று இடையிலுள்ள ப்ராக்ஸிகள் எழுதும் வரி) உள்ள முகவரிகளை ஸ்க்விட் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிபார்க்கிறது. எத்தனை முகவரி வரை போகலாம் என்ற எல்லை பழைய பதிப்புகளில் கிடையாது. ஒவ்வொரு முகவரிக்கும் ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைத்துக்கொள்வதால், பட்டியல் நீளமாக இருந்தால் ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கென ஒதுக்கிய மெமரி) தீர்ந்து ப்ராசஸ் சாகிறது. 2.6 முதல் 2.7 ஸ்டேபிள் 9 வரை, 3.1 முதல் 5.9 வரை, 6.0.1 முதல் 6.5 வரை எல்லாமே பாதிக்கப்பட்டவை. 6.6-இல் சரிசெய்தார்கள். ஜோஷுவா ராஜர்ஸ் 2021-இல் ஸ்க்விட்டின் மூல நிரலைத் தணிக்கை செய்து 55 ஓட்டைகளைக் கண்டுபிடித்து, 2023 அக்டோபரில் வெளியிட்டார். அந்த வெளியீட்டை அடுத்து ஸ்க்விட்டில் அடுத்தடுத்து வந்த திருத்தங்களின் வரிசையில் இதுவும் ஒன்று.

ஸ்க்விட்டின் கேஷ்.லாகைப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. வழக்கமாக செக்மென்ட் வயலேஷனில் (தொடக் கூடாத மெமரியைத் தொடுவது, சிக்னல் 11) சாகும்போது 'ஃபேட்டல்: ரிசீவ்ட் செக்மென்ட் வயலேஷன்...டையிங்' என்று ஒரு வரியை எழுதிவிட்டுத்தான் ஸ்க்விட் போகும். இங்கே அந்த வரியே வரவில்லை. அதனால் தேடல் தவறான பக்கம் திரும்பியது. மெமரி தீர்ந்து கர்னல் கொன்றிருக்கும் என்ற எண்ணத்தில் கேஷ்_மெம் (மெமரி கேஷின் எல்லை) அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. ஃபைல் டிஸ்கிரிப்டர் எல்லை உயர்த்தப்பட்டது. இரண்டும் வீண் வேலை. மெமரி தீர்ந்ததற்காக கர்னலின் ஓஓஎம் கில்லர் கொன்றிருந்தால் சிக்னல் 9 வந்திருக்கும். சிஸ்டம் லாகான ஜர்னலில் ஸ்க்விட்டின் தாய் ப்ராசஸ் எழுதிவைத்திருந்தது சிக்னல் 11. இதை முதலிலேயே பார்த்திருந்தால் இந்த இரண்டு மாற்றங்களுக்கும் அவசியமே இருந்திருக்காது.

ஃபேட்டல் வரி வராததற்கும் காரணம் உண்டு. அந்த வரியை எழுதுவது ஸ்க்விட்டின் சிக்னல் ஹேண்ட்லர், சிக்னல் வந்ததும் ஓடும் ஃபங்ஷன். ஹேண்ட்லர் ஓட ஸ்டாக்கில் இடம் வேண்டும். ஸ்டாக்கே தீர்ந்துபோன நிலையில் ஹேண்ட்லரைத் தொடங்க முடியாமல் கர்னல் நேரடியாக ப்ராசஸை முடித்துவிடுகிறது. ஆகவே சிக்னல் 11 இருந்து, கேஷ்.லாகில் ஃபேட்டல் வரி இல்லாமல் இருந்தால், முதல் சந்தேகம் ஸ்டாக் தீர்ந்ததன் மேல்தான் விழ வேண்டும்.

உறுதிசெய்ய கர்னல் லாகைத் திறக்க வேண்டும். 'செக்ஃபால்ட் அட்' என்று வரும் ஒரே வரியில் நான்கு விவரம் இருக்கும்: எந்த முகவரியைத் தொட்டபோது விழுந்தது, ஐபி எனப்படும் இன்ஸ்ட்ரக்ஷன் பாயிண்டர், எஸ்பி எனப்படும் ஸ்டாக் பாயிண்டர், கடைசியில் எரர் எண். தொட்ட முகவரியையும் எஸ்பியையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். இங்கே இரண்டுக்கும் கடைசிச் சில இலக்கங்களில்தான் வித்தியாசம் இருந்தது. எரர் எண் 6. அதில் 4 என்பது பயனர் நிலையில் நடந்தது என்பதையும், 2 என்பது எழுதப்போனபோது நடந்தது என்பதையும் குறிக்கும். ஸ்டாக்கின் விளிம்பில் எழுதப்போய் விழுந்திருக்கிறது என்பதை இந்த ஒரு வரியிலேயே படிக்கலாம். வேறு வகை மெமரிப் பிழையில் தொட்ட முகவரி பெரும்பாலும் பூஜ்யத்துக்கு அருகிலோ, எஸ்பிக்குத் தொடர்பே இல்லாத எங்கோ ஓரிடத்திலோ இருக்கும்.

அடுத்த வேலை கோர் டம்ப், அதாவது விழுந்த நொடியில் ப்ராசஸின் மெமரியைப் பதியும் கோப்பு. டெபியனில் சிஸ்டம்டி-கோர்டம்ப் தனிப் பேக்கேஜ், தானாக வராது, நிறுவ வேண்டும். நிறுவிய பிறகு விழுந்த ஸ்க்விட்டின் கோரை கோர்டம்ப்சிடிஎல் கட்டளையால் ஜிடிபி டிபக்கரில் திறக்கலாம். ஃபங்ஷன் பெயர்கள் தெரிய டிபக் சிம்பல்களும் வேண்டும். டெபியனின் டிபக்இன்ஃபோடி சேவையைச் சுட்டிவிட்டால் ஜிடிபியே இறக்கிக்கொள்ளும். கோர் கோப்பில் அந்த நொடியில் ப்ராக்ஸி வழியாகப் போய்க்கொண்டிருந்த பயனர்களின் ரெக்வெஸ்ட்கள், குக்கிகள், பாஸ்வேர்டுகள்கூட இருக்கலாம். அதை யாருக்கும் அனுப்பக் கூடாது, வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்.

பேக்ட்ரேஸை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல், ஒவ்வொரு அழைப்பும் ஒரு ஃபிரேம்) முழுதாக அச்சிடச் சொன்னால் திரை ஓடிக்கொண்டே இருக்கும். 'பிடி 60' என்று உள்பக்கத்து அறுபது ஃபிரேம், 'பிடி -40' என்று வெளிப்பக்கத்து நாற்பது ஃபிரேம், இவ்வளவு போதும். உள்பக்கத்தில் கிளையன்ட்ஃபாலோஎக்ஸ்ஃபார்வேர்டட்ஃபார்செக் என்ற பெயர் வருகிறது. அடுத்து ஏசிஎல் (அனுமதி விதி) சரிபார்க்கும் நான்கைந்து ஃபங்ஷன்கள், மறுபடி அதே பெயர், மறுபடி அதே நான்கைந்து. வெளிப்பக்கத்தில்தான் ரெக்வெஸ்ட் எங்கே தொடங்கியது என்று தெரியும்.

ஒரு சுற்று எவ்வளவு ஸ்டாக் தின்கிறது என்பதையும் இங்கேயே அளந்துவிடலாம். அந்தப் பெயர் வரும் அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்களுக்குப் போய் இரண்டிலும் எஸ்பி மதிப்பை அச்சிட்டுக் கழித்தால் போதும். லினக்ஸில் இயல்பான ஸ்டாக் எல்லை 8 மெகாபைட். ஒரு சுற்றுக்கு 1 கிலோபைட் என்றால் 8,192 சுற்றில் தீரும், 2 கிலோபைட் என்றால் 4,096 சுற்றில். மறுபக்கம், ஸ்க்விட் ஏற்கும் ரெக்வெஸ்ட் ஹெடரின் இயல்பு எல்லை 64 கிலோபைட். 10.9.9.9 என்பதையும் ஒரு காற்புள்ளியையும் சேர்த்தால் 9 பைட். 64 கிலோபைட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் அடங்கும். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்தாலே ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று புரிந்துவிடும். கம்பைலர், பில்ட் விருப்பங்கள், ஏசிஎல்லின் அமைப்பு ஆகியவற்றைப் பொறுத்து சுற்றின் அளவு மாறும் என்பதால், வேறொருவர் அளந்த எண்ணை நம்ப வேண்டாம். உங்கள் கோரில் நீங்களே அளந்து பாருங்கள்.

எந்த ரெக்வெஸ்ட் கொன்றது என்று அக்சஸ்.லாகில் தேடியதும் வீண். பரிமாற்றம் முடிந்த பிறகுதான் ஸ்க்விட் அக்சஸ்.லாகில் வரி எழுதும். கொன்ற ரெக்வெஸ்ட் முடியவே இல்லை, அதனால் அதற்கு அங்கே வரி கிடையாது. ஹெச்ஏப்ராக்ஸி லாகிலும் அந்த நேரத்தில் சந்தேகப்படும்படி எதுவும் இல்லை. கடைசியில் கைகொடுத்தது ஸ்க்விட்டின் 3128 போர்ட்டில் ஓடவிட்ட, பாக்கெட்டுகளைப் பதியும் டிசிபிடம்ப். விழுவதற்கு முந்தைய பாக்கெட்டுகளில் நீண்ட எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் ஹெடர் அப்படியே தெரிந்தது. அனுப்பிய முகவரி 10.20.0.5 இல்லை. லோட் பேலன்சரைத் தொடாமல் உள்வலையிலிருந்து ஒரு கணினி நேராக ஸ்க்விட்டின் வாசலுக்கே வந்திருக்கிறது.

இனி கான்ஃபிக். குற்றம் ஸ்க்விட்டின் நிரலில் இருந்தாலும், வழி திறந்துவைத்தது கான்ஃபிக்கின் ஒரு வரி:

ஃபாலோ_எக்ஸ்_ஃபார்வேர்டட்_ஃபார் அலவ் லோக்கல்நெட்

இந்த வரி இல்லாவிட்டால் ஸ்க்விட் அந்த ஹெடரைப் பின்தொடரவே செய்யாது. இயல்பு நிலை மறுப்புதான். லோட் பேலன்சருக்குப் பின்னால் ஸ்க்விட்டை வைக்கும்போது எல்லாப் பயனரும் ஒரே முகவரியில் தெரிவதால், உண்மையான முகவரியை எடுக்க இந்த வரியைச் சேர்ப்பார்கள். சேர்ப்பது சரி. லோக்கல்நெட் என்று உள்வலை முழுவதையும் போட்டதுதான் தவறு.

இந்த வரி வேலை செய்யும் முறையை நிதானமாகப் பாருங்கள். இணைப்பில் வந்த முகவரி நம்பத்தக்கதா என்று ஸ்க்விட் முதலில் கேட்கிறது. ஆம் என்றால் ஹெடரின் கடைசி முகவரியை எடுத்து, அது நம்பத்தக்கதா என்று கேட்கிறது. ஆம் என்றால் அதற்கு முந்தையது. நம்ப முடியாத முகவரி வந்ததும் நின்றுவிடும். ஹெடர் பல வரியாக வந்தாலும் ஸ்க்விட் அவற்றைக் காற்புள்ளியால் ஒட்டி ஒரே பட்டியலாக்கிவிடும். ஆகவே பட்டியல் எவ்வளவு நீளமானாலும், சங்கிலி எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது யாரையெல்லாம் நம்பச் சொன்னோம் என்பதுதான். லோட் பேலன்சரின் 10.20.0.5-ஐ மட்டும் நம்பச் சொல்லியிருந்தால், ஹெச்ஏப்ராக்ஸி கடைசியில் சேர்க்கும் பயனரின் சொந்த முகவரி இரண்டாம் படியிலேயே சங்கிலியை அறுத்துவிடும். லோக்கல்நெட்டை நம்பச் சொன்னால், பயனர்கள் அனைவரும் அதற்குள்தான் இருக்கிறார்கள், அவர்கள் எழுதி அனுப்பும் பட்டியலும் அதற்குள் இருக்கலாம். சங்கிலி அறுபட இடமே இல்லை. மேலும் டெபியனின் கான்ஃபிக்கோடு வரும் லோக்கல்நெட் பட்டியல் மிக அகலமானது. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகியவற்றோடு 0.0.0.1 முதல் 0.255.255.255 வரையும், 100.64.0.0/10-உம், 169.254.0.0/16-உம் அதில் உண்டு. யார் ப்ராக்ஸியைப் பயன்படுத்தலாம் என்பதற்காக எழுதிய பட்டியல் அது. யார் சொல்வதை நம்பலாம் என்பதற்கு அதை எடுக்கவே கூடாது.

அதே ஸ்க்விட் வெளியே அனுப்பும் பக்கத்தில் இந்த ஹெடர் 32 கிலோபைட்டைத் தாண்டினால், ஃபார்வேர்டிங் லூப் என்று சந்தேகித்துப் பட்டியலை வெட்டிவிட்டு 'எரர்' என்ற ஒற்றைச் சொல்லை வைக்கிறது. உள்ளே வாங்கும் பக்கத்தில்தான் அந்தக் கணக்கு இல்லாமல் போயிற்று.

அவசரத் தடுப்பில் பல பேர் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. 'ஃபார்வேர்டட்_ஃபார் டிலீட்' என்று போட்டால் போதும் என்று நினைப்பார்கள். இன்னொரு பக்கம் 'ரெக்வெஸ்ட்_ஹெடர்_அக்சஸ் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் டினை ஆல்' போடச் சொல்வார்கள். இரண்டையும் சோதனை மெஷினில் போட்டுப் பார்த்தாயிற்று, ஸ்க்விட் அப்போதும் விழுந்தது. இரண்டு வரிகளும் வெளியே போகும் ரெக்வெஸ்ட்டைத்தான் மாற்றும். சங்கிலிச் சரிபார்ப்பு அதற்கு முன்பே, உள்ளே வந்த ஹெடரின் மேல் நடந்து முடிந்துவிடுகிறது.

சர்வீஸ்களை ஓட்டும் சிஸ்டம்டியில் ஸ்டாக் எல்லையை 8-இலிருந்து 64 மெகாபைட்டாக உயர்த்துவது இன்னொரு வழி. ஹெடருக்கு 64 கிலோபைட் எல்லை இருப்பதால் இது வேலை செய்யக்கூடும். இருந்தாலும் ஒவ்வொரு கெட்ட ரெக்வெஸ்ட்டுக்கும் ஆயிரக்கணக்கான ஏசிஎல் சரிபார்ப்பு நடந்துகொண்டேதான் இருக்கும். ஒரு ராத்திரியைக் கடத்த உதவும், திருத்தம் ஆகாது.

உண்மையில் உதவிய அவசரத் தடுப்பு ஃபாலோ வரியை நீக்குவதுதான். ஸ்க்விட் குழுவின் அறிவிப்பிலும் மாற்று வழியாகச் சொன்னது அதையே. நீக்கிவிட்டு 'ஸ்க்விட் -கே பார்ஸ்', பிழை இல்லை என்று பார்த்த பிறகு 'ஸ்க்விட் -கே ரீகான்ஃபிகர்'. இதற்கு ஒரு விலை உண்டு: லோட் பேலன்சர் வழியாக வருபவர்கள் எல்லாரும் அந்த நொடியிலிருந்து 10.20.0.5 என்றே தெரிவார்கள். சோர்ஸ் முகவரியை வைத்து எழுதிய ஏசிஎல்கள், டிலே பூல்கள் (வேகக் கட்டுப்பாடு), அக்சஸ்.லாக் அறிக்கைகள் எல்லாம் குழம்பும். குறிப்பாக 'இந்த முகவரிக்கு மட்டும் தடை' என்று எழுதிய விதிகள் ஓசையில்லாமல் செயலிழக்கும். நீக்குவதற்கு முன் கான்ஃபிக்கில் 'எஸ்ஆர்சி' ஏசிஎல்களைத் தேடி ஒரு பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாசலை அடைப்பது. 3128-க்கு 10.20.0.5-ஐத் தவிர யாரும் வரக் கூடாது என்று இரண்டு ஸ்க்விட் மெஷின்களிலும் என்எஃப்டேபிள்ஸ் ஃபயர்வால் விதி போடப்பட்டது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருக்க வேண்டும். ஹெச்ஏப்ராக்ஸியின் இயல்பு பஃபர் 16 கிலோபைட் என்பதால், அதன் வழியாக வரும் ஹெடர் அதற்குள்தான் அடங்க வேண்டும். 64 கிலோபைட் ஹெடர் உள்ளே வந்ததே அதைச் சுற்றிக்கொண்டு வந்ததால்தான். விதி போட்ட அன்றே, ப்ரௌசரில் ஸ்க்விட்டின் முகவரியை நேராக எழுதிவைத்திருந்த சில கணினிகளுக்கு இணையம் நின்றது. எண்ணிக்கை தெரிய வேண்டுமானால் தடுப்பதற்கு முன் ஒரு நாள் அந்த விதியை லாக் மட்டும் செய்யும்படி ஓடவிடுங்கள்.

பேட்ச் போடும் கட்டத்தில் முதலில் எடுத்த வழி 6.6-ஐ மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வது. கான்ஃபிகர் கட்டளைக்கு எந்த விருப்பமும் தராமல் ஓட்டியதால் எல்லாம் யுஎஸ்ஆர்-லோக்கல்-ஸ்க்விட் அடைவுக்குள் போய் உட்கார்ந்தது. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் சிஸ்டம்டி பழைய யுஎஸ்ஆர்-எஸ்பின் ஸ்க்விட்டையேதான் ஓட்டியது. டெர்மினலில் புதிய பைனரி '6.6' என்று சொல்கிறது, பயனர்களுக்குச் சேவை செய்வதோ 5.7. இந்தப் பொய்யான நிம்மதி மிக ஆபத்தானது. எந்த பைனரி ஓடுகிறது என்று தெரிய ஒரே நம்பகமான வழி, ஓடும் ப்ராசஸின் எண்ணை எடுத்து ப்ராக் அடைவில் அதன் 'எக்ஸி' இணைப்பு எங்கே சுட்டுகிறது என்று பார்ப்பது.

கம்பைல் வழியைக் கைவிட்டு டெபியனின் பாதுகாப்பு அப்டேட்டுக்கே திரும்பியதுதான் சரியான முடிவு. அடுத்த திருத்தம் வரும்போது மறுபடி யாராவது உட்கார்ந்து கம்பைல் செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது இரண்டு. அப்டேட் போட்ட பிறகும் 'ஸ்க்விட் -வி' 5.7 என்றே சொல்லும். டெபியனும் ரெட் ஹேட்டும் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவருவார்கள். எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல் 'ஆப்ட் சேஞ்ச்லாக் ஸ்க்விட்' ஓட்டி அதில் 2023-50269 இருக்கிறதா என்று தேடுங்கள். ரெட் ஹேட் வகையில் ஆர்பிஎம்மின் சேஞ்ச்லாக் விருப்பம். இரண்டாவது, டெபியனில் ஸ்க்விட் என்றும் ஸ்க்விட்-ஓபன்எஸ்எஸ்எல் என்றும் இரண்டு பேக்கேஜ்கள் உண்டு. எஸ்எஸ்எல் பம்ப் (மறையாக்கிய இணைப்பைத் திறந்து பார்ப்பது) செய்பவர்கள் இரண்டாவதை வைத்திருப்பார்கள், அதையும் அப்டேட் செய்ய வேண்டும்.

சோதனை முழுதும் வலையிலிருந்து துண்டித்த தனி மெஷினில், 2 ஜிபி ரேமில். பணச் செலவு எதுவும் இல்லை. முதல் சோதனை ஏமாற்றியது. ஐயாயிரம் முகவரிகள் வைத்தும் பழைய 5.7 விழவில்லை. பட்டியலில் வைத்தவை 203.0.113.0/24 போன்ற ஆவண முகவரிகள், அவை லோக்கல்நெட்டில் இல்லை. சங்கிலி முதல் படியிலேயே அறுந்துவிட்டது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் 'எங்கள் பில்ட் பாதிக்கப்படவில்லை' என்று எழுதி முடித்திருப்போம். நம்பும் முகவரிகளை வைத்து, ஸ்டாக் எல்லையை 1 மெகாபைட்டாகக் குறைத்து ஓட்டியதும் முதல் ரெக்வெஸ்ட்டிலேயே சிக்னல் 11. ஸ்டாக்கைக் குறைத்தது கோளாறைச் சந்தேகமில்லாமல் கண்ணில் காட்டுவதற்குத்தான். சரிசெய்ததை உறுதிப்படுத்தும் சோதனையை இயல்பான 8 மெகாபைட்டிலும் மறுபடி ஓட்ட வேண்டும்.

திருத்திய பதிப்பில் அதே ரெக்வெஸ்ட் பதிலோடு திரும்புகிறது. சங்கிலியின் எல்லையை 64 முகவரி என்று நிரலிலேயே வைத்திருக்கிறார்கள். அதைத் தொட்டதும் மீதியைப் புறக்கணித்துவிட்டு, கேஷ்.லாகில் 'எரர்: இக்னோரிங் ட்ரெய்லிங் எக்ஸ்-ஃபார்வேர்டட்-ஃபார் அட்ரசஸ்' என்று எழுதுகிறது. இந்த வரியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் திருத்தம் உள்ளே இருக்கிறது என்று நம்பலாம். ஆனால் அந்த வரியின் கீழ் புறக்கணித்த மீதிப் பட்டியலையும் எழுதுகிறது. பட்டியல் நீளமாக இருந்தால் ஒரு ரெக்வெஸ்ட்டுக்கே லாகில் பத்துக்கணக்கான கிலோபைட் போய்விடும். யாராவது விடாமல் அனுப்பிக்கொண்டிருந்தால் ஸ்க்விட் விழாது, லாகுகள் இருக்கும் வார் பார்ட்டிஷன் நிரம்பும். லாகுகளைச் சுழற்றிப் பழையதை நீக்கும் லாக்ரொட்டேட்டில் கேஷ்.லாகுக்கு நாள் கணக்கோடு அளவுக் கணக்கும் சேர்க்கப்பட்டது.

உண்மையான முகவரியை மறுபடி பெறுவது மீதம். ஃபாலோ வரியை 10.20.0.5-க்கு மட்டும் என்று குறுக்கித் திரும்ப வைக்கலாம். அப்படிச் செய்தால் ஹெச்ஏப்ராக்ஸியில் ஃபார்வேர்ட்ஃபார் விருப்பத்தோடு, பயனர் அனுப்பும் பழைய ஹெடரை அழிக்கும் 'ஹெச்டிடிபி-ரெக்வெஸ்ட் டெல்-ஹெடர்' வரியும் சேர்ப்பது நல்லது. ஃபார்வேர்ட்ஃபார் புதிய ஹெடரைச் சேர்க்குமே தவிர பழையதை நீக்காது.

இங்கே தேர்ந்தது ப்ராக்ஸி ப்ரோட்டோகால். இணைப்பின் தொடக்கத்தில், ஹெச்டிடிபி தொடங்கும் முன்பே, பயனரின் முகவரியை ஹெச்ஏப்ராக்ஸி ஒரு சிறிய முன்னுரையாக அனுப்பிவிடும். பயனர் எழுதும் எந்த ஹெடரும் அதைத் தொட முடியாது, ஒரே முகவரிதான், சங்கிலி என்ற பேச்சே இல்லை. ஸ்க்விட் 3.5 முதலே இதை ஏற்கிறது.

மாற்றும் வரிசையில்தான் கவனம் வேண்டும். ஸ்க்விட்டில் போர்ட்டுக்கு 'ரிக்வயர்-ப்ராக்ஸி-ஹெடர்' போட்ட நொடியிலிருந்து, முன்னுரை இல்லாத எல்லா இணைப்பும் அறுபடும். ஹெச்ஏப்ராக்ஸியை முதலில் மாற்றினாலோ, முன்னுரையைப் பழைய போர்ட் கெட்ட ரெக்வெஸ்ட்டாக எடுத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தை முதலில் தொட்டாலும் சேவை நிற்கும். அதனால் 3128-ஐ அப்படியே விட்டுவிட்டு 3130 என்று புதிய போர்ட் திறந்து, அதற்கு மட்டும் அந்த விருப்பத்தையும், ப்ராக்ஸி_ப்ரோட்டோகால்_அக்சஸ் வரியில் 10.20.0.5-க்கு மட்டும் அனுமதியும் தரப்பட்டது. அந்த வரியை மறந்தால் இயல்பு நிலை எல்லாருக்கும் மறுப்பு. இணைப்பு வந்ததும் மூடிவிடும். பிறகு ஹெச்ஏப்ராக்ஸியில் ஒரு சர்வரை மட்டும் 3130-க்குத் திருப்பி 'சென்ட்-ப்ராக்ஸி-வி2' சேர்த்து, அக்சஸ்.லாகில் பயனர்களின் சொந்த முகவரிகள் வருவதைப் பார்த்த பிறகு அடுத்த சர்வர். கடைசியில் 3128-ஐ 127.0.0.1-இல் மட்டும் கேட்கும்படி வைத்தால், மெஷினுக்குள்ளிருந்தே கர்லால் சோதிக்க ஒரு வழி மிஞ்சும். ஹெச்ஏப்ராக்ஸியை டிசிபி முறைக்கு மாற்றியதில் அதன் லாகில் யூஆர்எல்கள் தெரியாமல் போயின. அவை ஸ்க்விட்டிலேயே கிடைப்பதால் இழப்பாகத் தெரியவில்லை.

ஐந்து முறை விழுந்ததும் எழாமல் போனதற்கு வருவோம். சேய் ப்ராசஸ் பத்து நொடிக்குள் செத்தால் அதைத் தாய் ப்ராசஸ் கெட்ட சாவாகக் கணக்கெடுக்கும். தொடர்ந்து நான்கைத் தாண்டினால் அதை 'ஹோப்லெஸ்' என்று குறித்துவிட்டு எழுப்புவதை நிறுத்திவிடும். ஹோப்லெஸ்_கிட்_ரிவைவல்_டிலே என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 1 மணி நேரம். கையால் ரீஸ்டார்ட் செய்தால்தான் உடனே எழும். தாக்குபவர் பக்கத்தில் இதற்குத் தேவை ஐந்தே ரெக்வெஸ்ட்கள். பெரிய டிஸ்க் கேஷ் வைத்திருந்தால் ஒவ்வொரு எழுதலிலும் ஸ்டோரேஜ் இண்டெக்ஸை மறுபடி கட்டும் நேரமும், மெமரி கேஷ் காலியானதால் வெளிவலைக்குப் போகும் கூடுதல் சுமையும் சேரும். அடுத்த முறை, முதல் சிக்னல் 11 ஜர்னலில் வந்ததுமே எச்சரிக்கை வரும்படி அமைத்துவிட்டுத்தான் சர்வரை வேலைக்கு விடுவோம். ஐந்தாவது சாவு வரை யாருக்கும் தெரியாமல் இருந்ததே பாதிப்பைப் பெரிதாக்கியது.

இன்னொன்றையும் மாற்றுவோம். 6.6 என்ற எண்ணை மட்டும் இலக்காக வைத்தது போதாது. சங்க்டு முறையில் (துண்டு துண்டாக) வரும் உள்ளடக்கத்தைப் பிரிக்கும் இடத்தில் இதே போன்ற எல்லையில்லாத ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) இருந்தது: சிவிஇ-2024-25111. அது சரியானது 6.8-இல்தான், அதற்குக் கான்ஃபிக்கில் மாற்று வழியும் கிடையாது. 6.5-க்கு முந்தைய பதிப்புகளில் ஹெடர் அளவு தொடர்பான சிவிஇ-2024-25617 வேறு இருக்கிறது. அப்டேட் செய்ய முடியாமல் மாட்டிக்கொண்டவர்கள் அதற்கு ரெக்வெஸ்ட்_ஹெடர்_மேக்ஸ்_சைஸ், ரிப்ளை_ஹெடர்_மேக்ஸ்_சைஸ் இரண்டையும் 21 கிலோபைட்டாகக் குறைக்கலாம். 9 பைட் கணக்கில் முகவரிப் பட்டியலும் அப்போது ஏழாயிரத்திலிருந்து 2,400-க்குள் இறங்கும். பழைய பதிப்பில் இருப்பவர்கள் கோஃபர், யுஆர்என் ப்ரோட்டோகால்களையும் ஹெச்டிடிபி_அக்சஸில் மறுத்துவிடுவது நல்லது, இரண்டிலும் ஸ்க்விட்டை வீழ்த்தும் தனித்தனி ஓட்டைகள் உண்டு. சேஞ்ச்லாகில் தேட வேண்டிய எண்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அந்தக் கோப்பை வைத்தே தேடுகிறோம். இப்போது அதில் ஆறு எண்கள் இருக்கின்றன.